வரைபடக்காரர் எங்கே படுப்பார்?

மனிதர்களில் ஒரு புதிய இனம் கிளம்பியிருக்கிறது. நீங்கள் பார்த்திருப்பீர்கள், பார்க்காவிட்டாலும் கவலையில்லை, அவரே உங்களைத் தேடி வந்துவிடுவார். பழைய வரைபடக்காரர் என்று இவருக்குப் பெயர் வைத்துக்கொள்வோம். முன்பெல்லாம் ஜாதகம் பார்ப்பவர், கைவைத்தியம் சொல்பவர், எவன் நிலத்தை எவன் வாங்கினான் என்று விசாரித்து வைத்திருப்பவர் என்று தெருவுக்கு ஒருவர் இருப்பார். கூப்பிட்டால் பேசுவார்கள், கூப்பிடாவிட்டாலும் பேசுவார்கள், ஆனால் இன்றைக்கு இருப்பதைப் பற்றிப் பேசுவார்கள். இவர் அப்படியில்லை. நீங்கள் லோன் போட்டுக் கட்டிய வீட்டில் இவருக்கு அக்கறை கிடையாது. அது நிற்கிற இடத்தில் இருநூறு வருஷத்துக்கு முன்னால் என்ன இருந்தது என்பதுதான் இவர் கவலை. அதைக் கண்டுபிடித்து, உங்களிடம் சொல்லி, உங்கள் தூக்கத்தைக் கெடுத்த பிறகுதான் இவருக்குத் தூக்கம் வரும்.

இவரைக் கூட்டத்தில் அடையாளம் காண்பது சுலபம். விரலைப் பாருங்கள். கல்யாணப் பத்திரிகையைக் கையில் கொடுத்தால், மண்டபத்துக்கு வழி காட்டும் சின்னப் படத்தின் மேல் இரண்டு விரலை வைத்து அகட்டுவார். காகிதம் பெரிதாகாது. இன்னொரு தடவை அகட்டுவார்.

பெரம்பலூர், அரியலூர் பக்கத்தில் இந்த இனம் செழிப்பதற்குக் காரணம் உண்டு. இங்கே ஒரு மனிதன் வாசற்படியைத் தாண்டாமலேயே திருச்சி மாவட்டத்தில் பிறந்து, பெரம்பலூர் மாவட்டத்தில் கல்யாணம் செய்து, அரியலூர் மாவட்டத்தில் பிள்ளை பெற்று, அதற்குப் பெயர் வைப்பதற்குள் மறுபடி பெரம்பலூருக்கு வந்து, பிள்ளை பள்ளிக்கூடம் போகிற காலத்தில் திரும்பவும் அரியலூர் ஆகியிருக்கிறான். கோடு வரைகிறவன் கை ஓயவேயில்லை. அப்படிப்பட்ட ஊரில் ஒருவருக்கு வரைபடப் பித்துப் பிடித்தால் அதில் ஆச்சரியப்பட என்ன இருக்கிறது?

நமக்குத் தெரிந்த வைரக்கண்ணுவை எடுத்துக்கொள்வோம். அரியலூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஃபிளெக்ஸ் கடை வைத்திருக்கிறார். காதுகுத்து, பூப்புனித நீராட்டு, கட்சி மாநாடு, கண்ணீர் அஞ்சலி எல்லாம் அவர் கம்ப்யூட்டர் வழியாகத்தான் உலகத்துக்கு வர வேண்டும். மூன்று வருஷத்துக்கு முன்னால் ஒரு பேனருக்கு ரஞ்சன்குடிக் கோட்டைப் படம் வேண்டும் என்று யாரோ கேட்க, அதைத் தேடப் போனவர், கடல் தாண்டி ஏதோ ஒரு குளிர் தேசத்து நூலகத்தின் இணையத் தொகுப்புக்குள் தடுக்கி விழுந்தார். இன்னும் எழுந்திருக்கவில்லை.

விழுந்தவரைக் குற்றம் சொல்லவும் முடியாது. முதலில் திரை முழுக்க மங்கலாகக் கட்டம் கட்டமாக ஒன்று தெரியும். பிறகு ஒவ்வொரு கட்டமாகத் தெளியும். ஒரு வளைவுக் கோடு ஏரிக்கரையாகும், கம்பளிப்பூச்சி மாதிரி ஒரு கிறுக்கல் செட்டிகுளம் மலையாகும், இரண்டு பக்கமும் புள்ளி வைத்த கோடு மரம் நிற்கிற சாலையாகும். அந்தத் தொகுப்பில் ஒரு வசதி வேறு இருக்கிறது. பழைய படத்தை இன்றைய படத்தின் மேல் போர்த்தி, ஒரு பொத்தானை இழுத்தால் பழையது கரைந்து புதியது வரும், திரும்ப இழுத்தால் பெட்ரோல் பங்க் மறைந்து பனங்காடு வரும். வைரக்கண்ணு அந்தப் பொத்தானை நாள் பூராவும் இழுத்துக்கொண்டிருந்தார். அதில் அவருக்குக் கிடைத்த சந்தோஷம் உண்மையானது. ஆனால் சந்தோஷத்தை வைத்துக்கொண்டு சும்மா இருக்க மனிதனால் முடிகிறதா?

"அண்ணே, அந்த அஞ்சலி போர்டு என்னண்ணே ஆச்சு? பொணத்த எடுக்கறதுக்குள்ள வேணும்" என்று ஒருவன் மூச்சிரைக்க வந்து நிற்பான்.

"எந்த ஊர்ப்பா நீ?"

"ஆண்டிமடத்துக்குப் பக்கம்ணே."

"பக்கம்னா? கெழக்கயா மேற்கயா? கெழக்கன்னா அன்னிக்கி அங்க ஊரே கெடையாது. காடு. வந்து பாரு."

"செத்தவரு மேற்கதாண்ணே."

"அப்ப சரி" என்று அதற்குப் பிறகுதான் வைரக்கண்ணு போர்டு வேலையைத் தொடுவார். போகிறவனைச் சும்மா விடமாட்டார். அவன் ஃபோனை வாங்கி அந்தத் தொகுப்பின் லிங்க்கை அனுப்பிவிட்டு, "எல்லாம் ஆன்லைன்ல இருக்கு, காசே இல்ல, யாரு வேணா பாக்கலாம். நம்மாளுகளா இருந்தா இந்நேரம் இதுல வடை மடிச்சுக் குடுத்துருப்பான். வெள்ளக்காரன் வச்சிருக்கான் பாத்தியா?" என்பார். துக்க வீட்டுக்குப் போகிறவன் தலையாட்டிவிட்டுப் போவான்.

இவர் ஒரு வீட்டுக்குப் போனால்தான் உண்மையான விபரீதம். பெரம்பலூரில் மச்சினன் தமிழ்மாறன் புது வீடு கட்டிப் பால் காய்ச்சினான். எல்லோரும் டைல்ஸ் நன்றாயிருக்கிறது, காற்று நன்றாக வருகிறது என்று சம்பிரதாயமாகச் சொல்லிக்கொண்டிருந்தபோது, வைரக்கண்ணு நடுக்கூடத்தில் நின்று ஃபோனைத் திசைக்கு ஒன்றாகத் திருப்பிப் பார்த்து, கண்ணை மூடி, ஐயர் இன்னும் தட்சிணைகூட வாங்காத நேரத்தில் வாயைத் திறந்தார்.

"மாப்ள, இது ஏரி."

"எது மாமா?"

"நீ நிக்கறது. பூஜ ரூம் இருக்குல்ல? அங்கதான் மதகு."

தமிழ்மாறனின் மாமியார் காலை மேலே தூக்கிக்கொண்டாள். வைரக்கண்ணுவின் மனைவி புவனேஸ்வரி, தம்பி வீட்டு விசேஷத்தில் ஒன்றும் சொல்லக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டிருந்து, பஸ் ஏறியதும் ஆரம்பித்து, இறங்குகிற வரை நிறுத்தவில்லை. வைரக்கண்ணு ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு, "படம் பொய் சொல்லாது புவனா" என்று ஒரே பதிலை நாலைந்து தடவை சொன்னார்.

அந்த வாக்கியத்தை நினைவில் வையுங்கள். இவர்கள் இனத்துக்கே அதுதான் மந்திரம். ஊரார் சொல்வது பொய்யாக இருக்கலாம், பத்திரம் பொய்யாக இருக்கலாம், கல்வெட்டைக்கூட எவனாவது மாற்றி நட்டிருக்கலாம். கொசுக்கடியிலும் வெயிலிலும் எவனோ ஒரு துரை வரைந்து, எங்கோ ஒரு குளிரூட்டிய அறையில் ஸ்கேன் செய்து ஏற்றிய படம் மட்டும் பொய் சொல்லாது.

வைரக்கண்ணுவின் சொந்த ஊர், குடியிருக்கிற ஊர், இரண்டும் வெள்ளோடை. அங்கே சித்திரையில் மாரியம்மனுக்குத் திருவிழா. காப்புக் கட்டிவிட்டால் திருவிழா முடிகிற வரைக்கும் ஊர்க்காரர்கள் யாரும் ராத்திரியில் எல்லைக்கு வெளியே தங்கக் கூடாது. பகலில் எங்கே வேண்டுமானாலும் போகலாம், படுக்கை மட்டும் எல்லைக்குள் இருக்க வேண்டும். இந்த வருஷம் காப்புக் கட்டிய நாளிலிருந்து புவனேஸ்வரிக்குக் கால் தரையில் பாவவில்லை. ஐந்தாம் நாள் மண்டகப்படி அவர்கள் குடும்பத்துக்கு. அம்மனுக்கு அன்றைய பூஜையும் அலங்காரமும் அன்னதானமும் அவர்கள் செலவு, முதல் தீபாராதனைத் தட்டு அவர்கள் கையில். எத்தனையோ வருஷமாகக் கேட்டுக் கேட்டு, இந்தத் தடவைதான் கோயில் தலைவர் அரியமுத்து சம்மதித்திருந்தார். புவனேஸ்வரி பட்டுப்புடவை எடுத்துவிட்டாள், பிறந்த வீட்டுக்கெல்லாம் சொல்லிவிட்டாள்.

இதற்கு நடுவில் ஒரு வில்லங்கம். வெள்ளோடைக்கும் பக்கத்து ஊர் காரைமேட்டுக்கும் இடையில் ஓடைமேல் ஒரு சின்னப் பாலம் இருக்கிறது. அம்மன் ஊரைச் சுற்றி வந்து எல்லை கட்டும் நாளில் அந்தப் பாலம் வரை வருமா, பாலத்தைத் தாண்டி வருமா என்று வருஷா வருஷம் தகராறு. எல்லைக் கல் ஒன்று இருந்தது, சாலையை அகலப்படுத்தியபோது அது மண்ணோடு போய்விட்டது. வி.ஏ.ஓ. ஆபீஸ் படத்தைப் பார்க்கலாமே என்றால், அது சர்க்கார் எல்லை, அம்மன் எல்லை அதைவிடப் பழசு என்பார்கள். போன வருஷம் பூசணிக்காயை எங்கே உடைப்பது என்று ஆரம்பித்து இரண்டு பேருக்கு மண்டை உடைந்திருந்தது.

"ஏய் வைரக்கண்ணு" என்றார் அரியமுத்து, காப்புக் கட்டிய மறுநாள் காலையில். "ஊரு ஊரா போயி படம் படம்னு சொல்றியே, அதுல நம்ம எல்ல இருக்கா பாரேன்."

மூன்று வருஷத்தில் முதல் தடவையாக ஒருவர் அவரிடம் கேட்கிறார்! வைரக்கண்ணுவுக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. "இருக்கு சித்தப்பா, தாலுகா படம், கிராம எல்ல புள்ளிக்கோடு போட்டுருக்கான்" என்று சொல்லிவிட்டுக் கடைக்கு ஓடினார். படத்தை உள்ளதிலேயே பெரிய அளவில் இறக்கினார். பத்தடிக்கு எட்டடி ஃபிளெக்ஸாக அடித்தார். மேலே அம்மன், கீழே 'வரைபட உபயம்: வைரக்கண்ணு' என்ற எழுத்து, அதற்குப் பக்கத்தில் கைகூப்பிய அவர் போட்டோ. அவசரத்தில் அவர் செய்த எல்லாமே சரி, ஒன்றைத் தவிர. பாலம் எந்தப் பக்கம் விழுகிறது என்று மட்டும் பார்த்தார். விழுந்தது வெள்ளோடைப் பக்கம். மற்ற எதையும் அவர் பார்க்கவில்லை.

சாயங்காலம் கோயில் வாசலில் இரண்டு ஊரும் கூடின. காரைமேட்டிலிருந்து அவர்கள் கோயில் தலைவர் முத்துவேல் ஆட்களோடு வந்திருந்தார். அமைதியான மனிதர், அதிகம் பேசமாட்டார். ஃபிளெக்ஸ் சுருட்டியபடியே இருந்தது.

"விரிக்கறதுக்கு முன்னாடி ஒண்ணு" என்றார் வைரக்கண்ணு, நெஞ்சை நிமிர்த்தி. "படத்துல என்ன இருக்கோ அதான் முடிவு. விரிச்சப்புறம் அது இதுன்னு பேசக்கூடாது. ரெண்டு ஊரும் சூடம் அடிச்சு சத்தியம் பண்ணுங்க."

அம்மனுக்கு முன்னால் சூடம் ஏற்றினார்கள். அரியமுத்து அடித்தார், முத்துவேல் அடித்தார். யாரும் கேட்காமலேயே வைரக்கண்ணுவும் ஒரு அடி அடித்தார். அப்புறம் ஃபிளெக்ஸ் விரிந்தது.

அவர் மூங்கில் குச்சியை எடுத்துக்கொண்டு விளக்கத் தொடங்கியபோது நீங்கள் பார்த்திருக்க வேண்டும். இது ஏரி, இது கோயில், இந்தக் கோடு ஓடை, இந்தப் புள்ளி புள்ளியாகப் போவது எல்லை, பாலம் இருக்கிற இடம் இதோ, புள்ளிக்கு இந்தப் பக்கம், ஆகவே பாலம் முழுசாக வெள்ளோடை. விசில் பறந்தது. எவனோ ஒரு பையன் அவரைத் தூக்க முயன்று முடியாமல் இறக்கினான். அரியமுத்து தன் தோளில் கிடந்த துண்டை எடுத்து அவருக்குப் போர்த்தினார். பெண்கள் பக்கத்திலிருந்து புவனேஸ்வரி, கல்யாணமான நாளிலிருந்து பார்க்காத ஒரு பார்வை பார்த்தாள். அவ்வளவுதான், அந்த மனிதருக்கு அதற்கு மேல் என்ன வேண்டும்?

முத்துவேல் மட்டும் படத்துக்குப் பக்கத்தில் போய், ஆள்காட்டி விரலால் புள்ளிகளைத் தொட்டுக்கொண்டே நகர்ந்தார்.

"பாலம் உங்களுது. சத்தியம் பண்ணியாச்சு, ஒத்துக்கறோம்" என்றார். "பாலத்த தாண்டி கோடு இப்படி உள்ளாற வளையுதுங்களே. ஓட அன்னிக்கி இப்படித்தான் போயிருக்கு போல. இந்தப் பனமரம் போட்ட எடம் அப்ப எங்க ஊருல வருது. இங்க இப்ப என்னங்க இருக்கு?"

எல்லோருக்கும் தெரியும். பழைய தெருவில் இடம் போதாமல், பத்துப் பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் பனந்தோப்பை அழித்து அங்கே மாடி வீடு கட்டியவர் ஒருவர்தான்.

"நம்ம வைரக்கண்ணு வூடு" என்றார் அரியமுத்து, மெதுவாக.

முதலில் ஒருவன் சிரித்தான். பிறகு இரண்டு ஊரும், எத்தனையோ வருஷத்தில் முதல் தடவையாக, சேர்ந்து சிரித்தன. சிரிப்பு அடங்குவதற்குள் பெண்கள் பக்கத்திலிருந்து புவனேஸ்வரியின் குரல் வந்தது. அதில் சிரிப்பு இல்லை.

"ஏங்க, காப்பு கட்டியிருக்கே. ராத்திரி எங்க படுக்கறது?"

அப்போதுதான் வைரக்கண்ணுவுக்கு முழுசாக உறைத்தது. வீடு எல்லைக்கு வெளியே. வீட்டில் படுத்தால் காப்பு போச்சு. காப்பு போனால் மண்டகப்படி போச்சு. அவர் மூங்கில் குச்சியைக் கீழே வைத்துவிட்டு, அவர் வாயிலிருந்து யாரும் கேட்டிராத விஷயங்களைச் சொல்லத் தொடங்கினார். இது ஒரு மைலை ஒரு அங்குலத்தில் அடக்கிய படம், இதில் ஒரு புள்ளியின் தடிமனே ஒரு தெரு அகலம் வரும், இதை வைத்து ஒரு வீட்டை அந்தப் பக்கம் இந்தப் பக்கம் என்று சொல்லவே முடியாது, வரைந்தவன் ஊருக்குள் வந்தானா, குதிரை மேல் உட்கார்ந்து குத்துமதிப்பாகப் போட்டானா தெரியாது, ஓடை வருஷத்துக்கு ஒரு பக்கம் ஓடும், நகல் எடுத்தவன் கை நடுங்கியிருக்கும் என்று மூச்சு விடாமல் அடுக்கினார்.

வேடிக்கை என்னவென்றால், மூன்று வருஷத்தில் வரைபடத்தைப் பற்றி அவர் பேசியதிலேயே இதுதான் சரியான பேச்சு. ஒருவரும் நம்பவில்லை.

"படம் பொய் சொல்லாதுன்னு நீதானப்பா சொன்ன" என்றார் அரியமுத்து. "சூடம் அடிச்சாச்சு. மண்டகப்படிய நான் மாத்தல. ஆனா திருவிழா முடியற வரைக்கும் நீங்க ரெண்டு பேரும் எல்லைக்குள்ளாற படுத்துக்கங்க. கோயில் மண்டபம் காலியாத்தான் இருக்கு."

அப்படியாக வைரக்கண்ணு குடும்பம் பாய், தலையணை, டேபிள் ஃபேன் சகிதம் கோயில் மண்டபத்துக்குக் குடிவந்தது. குளிக்கவும் சமைக்கவும் வெளியூரான சொந்த வீட்டுக்குப் போய்விட்டு, பொழுது சாய்ந்ததும் உள்ளூருக்குத் திரும்பினார்கள். புவனேஸ்வரி பேசவில்லை. அவள் திட்டியிருந்தால்கூடத் தேவலை என்று அவருக்கு இருந்தது. திருவிழாவுக்கு வந்த தமிழ்மாறன் மண்டபத்தைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "மாமா, இந்த மண்டபம் அந்தக் காலத்துல என்னவா இருந்துச்சாம்?" என்று கேட்டான். வைரக்கண்ணு டேபிள் ஃபேனை வேறு பக்கம் திருப்பி வைத்தார்.

ஆனால் இந்த இனத்தைத் தோல்வி அடக்காது. ஒரு படம் வாழ்க்கையைக் கெடுத்தால் இவர்கள் என்ன செய்வார்கள் என்று நினைக்கிறீர்கள்? வேறு படம் தேடுவார்கள். வைரக்கண்ணு மண்டபத் தூணில் சாய்ந்துகொண்டு தொகுப்பு தொகுப்பாக ஃபோனில் மேய்ந்தார். ஒன்றில் வெள்ளோடையே இல்லை. ஒன்றில் ஏரி இருந்தது, ஊர் இல்லை. ஒன்றில் ஊர் மடிப்புக்குள் மாட்டிக்கொண்டிருந்தது. திருவிழாவின் நான்காம் நாள் மத்தியானம், வேறொரு தேசத்து நூலகத்தில், முப்பது நாற்பது வருஷம் பிந்தி வரைந்த இன்னொரு தாலுகா படம் கிடைத்தது. கட்டம் கட்டமாகத் தெளிந்தது. ஓடை நேராக ஓடியது. பனந்தோப்பு சாட்சாத் வெள்ளோடைக்குள் இருந்தது.

"புவனா! நம்ம வூடு உள்ளாற வந்துருச்சு!"

மண்டபத்துக்கு வந்ததிலிருந்து முதல் தடவையாக அவள் எழுந்து வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். ஃபோனை வாங்கிப் பார்த்தாள். கணவனோடு இத்தனை நாள் இருந்த பாவத்துக்குப் புள்ளிக்கோடு பார்க்க அவளுக்கும் தெரிந்திருந்தது. விரலால் கோட்டைத் தொட்டுக்கொண்டே போனவள் நின்றாள்.

"இது என்னங்க?"

வைரக்கண்ணு பார்த்தார். பாலம். அவர் வீட்டை உள்ளே விட்ட அதே நேர்க்கோடு, பாலத்தை முழுசாகக் காரைமேட்டுக்குக் கொடுத்திருந்தது.

"இத கொண்டுபோயி காமிச்சா நம்ம வூடு உள்ள வரும்" என்றாள் புவனேஸ்வரி. "பாலம் வெளிய போயிடும். அப்புறம் நாளைக்கி தட்ட யாரு கையில குடுப்பாரு உங்க அரியமுத்து சித்தப்பா?"

அவள் ஃபோனை அணைத்து அவர் சட்டைப் பையில் வைத்துவிட்டு, "பாய் தட்டிப் போடறேன், சித்த படுங்க" என்றாள். குரல் பழையபடி ஆகியிருந்தது. அவருக்கு அழுகை வந்தது, சந்தோஷத்தில்தான்.

ஐந்தாம் நாள் மண்டகப்படி பிரமாதமாக நடந்தது. பாலத்தை மீட்டுக் கொடுத்தவர் என்று வைரக்கண்ணுவுக்கு மாலை போட்டார்கள். ஃபிளெக்ஸ் இன்னும் கோயில் வாசலிலேயே தொங்கியது, கழற்ற ஊர் விடவில்லை. புவனேஸ்வரி பட்டுப்புடவையில் தட்டைப் பிடித்து நின்ற நேரத்தில், முத்துவேல் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து வைரக்கண்ணுவுக்குப் பக்கத்தில் மரியாதையாக நின்றார்.

"தப்பா நெனைக்காதீங்க. அன்னிக்கி அந்தப் படத்தப் பாத்ததுலேருந்து எனக்கும் ஒரு ஆச. ராத்திரி தூக்கமே வரல. அதெல்லாம் ஆன்லைன்ல யாரு வேணா பாக்கலாம்னு சொன்னாங்களே, அந்த சைட்டு பேரு என்னங்க? பையன வுட்டுத் தேடச் சொல்லலாம்னு."

மூன்று வருஷமாகப் பால்காரன், கண்டக்டர், பிணத்துக்குப் போர்டு வாங்க வந்தவன் என்று கேட்காதவர் ஃபோனிலெல்லாம் லிங்க்கைத் திணித்த மனிதரிடம், முதல் முதலாக ஒருவர் தானாக வந்து கையேந்துகிறார். வைரக்கண்ணு மனைவியைப் பார்த்தார். தட்டைப் பார்த்தார். கழுத்தில் கிடந்த மாலையைச் சரி செய்துகொண்டார்.

"அத மூடிட்டாங்க."

"எதைங்க?"

"அந்த சைட்டத்தான். எல்லாத்தையும் எடுத்துட்டான். இனிமே யாரும் பாக்க முடியாது."

முத்துவேல் "அடடா" என்று வருத்தப்பட்டுக்கொண்டு அன்னதானப் பந்திக்குப் போனார். பொய் இவ்வளவு சுலபமாக வந்துவிட்டதே என்று வைரக்கண்ணுவுக்கே வெட்கமாக இருந்தது. தீபாராதனைத் தட்டு வந்ததும் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

நீங்கள் சிரிக்கிறீர்கள். சரி, அவர் அப்படித்தான், நீங்கள் அப்படியில்லை. இதைப் படித்து முடித்ததும் நீங்கள் ஃபோனை எடுக்கப்போவதில்லை, உங்கள் ஊர்ப் பெயரைப் போட்டுத் தேடப்போவதில்லை, கட்டம் கட்டமாகத் தெளிகிற வரை மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்காரப்போவதில்லை. அப்படியே தேடினாலும் முதலில் பங்காளி வீட்டைத் தேடப்போவதில்லை. அது ஏரிக்குள் நின்றால், உடனே ஒரு பிரிண்ட் எடுத்துப் பத்திரப்படுத்தப்போவதில்லை. கடைசியாக, போகிற போக்கில், உங்கள் வீட்டையும் ஒரு பார்வை பார்ப்பீர்கள். அதுவும் ஏரிக்குள்தான் இருக்கிறதா? பதறாதீர்கள். வேறு படம் தேடுங்கள், கிடைக்கும்.